எண்பலகையின் பின்புறம்

நான் ஆட்டத்தைப் பின்பக்கமிருந்தே பார்த்தவள்.
பிரிட்ஜ்டவுன் மைதானத்தின் கிழக்கு மூலையில்
தகரப் பலகைக்கு உள்ளே
ஏணியில் ஒரு கால், சட்டத்தில் ஒரு கால்.
விக்கெட் விழுந்தால் முதலில் இரைச்சல் வரும்,
பிறகு என் கை உயரும்,
பிறகுதான் அது நடந்ததாகும்.

பெயர் அயாந்தே கிட்டன்ஸ்.
முப்பத்தொரு வருட வேலை,
பூஜ்ஜியத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே.

தகடுகள் பேசாது, தேயும்.
நான் வந்த புதிதில்
விருந்தாளி வரிசையின் நூறுகள் கொக்கியில்
'4' ஏறியதே இல்லை.
துடைத்து எடுத்தால் புதுப் பாத்திரம் போல் மின்னும்.
எங்கள் '4' மட்டும்
கட்டைவிரல் பட்டுப் பட்டு
விளிம்பில் வெள்ளை உதிர்ந்து இரும்பு தெரிய நிற்கும்.

அது ஒருமுறை துருப்பிடித்து, புதிதாய் ஒன்று அடித்துத் தந்தார்கள்.
பதினோரு வருடமாகிறது.
பெயிண்ட் இன்னும் மணக்கிறது.

ஏன் என்று கேட்டால்
இந்தத் தீவில் ஆளுக்கொரு வைத்தியம்.
பறக்கும் மீனின் முள்ளெடுத்தபடி ஓரல்டீன் சொல்வாள்:
பையன்கள் டிவியில் கூடைப்பந்து பார்த்துக் கெட்டார்கள்.
டாக்ஸிக்கார செல்வின் வாரியம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு
ஜன்னலுக்கு வெளியே துப்புவான்.
அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு:
ஒரு தொப்பிக்குக் கீழே எத்தனை கொடி, எத்தனை பாஸ்போர்ட்!
பக்கத்துத் தீவுக்குக் கூட்டத்துக்குப் போக
மயாமி சுற்றிப் பறக்கிறார்கள்.
ஜெயித்த நாளில் நாங்கள் ஒரே நாடு.
தோற்ற மறுநாள் காலை
தேர்வுக்குழுவில் யார் எந்தத் தீவு என்று விரல் மடக்குகிறோம்.

எனக்குத் தெரிந்தது சின்ன விஷயம்.
ஆட்டம் ஐந்து நாள் நீண்டால்தான் பீர் விற்கும் என்று
ஒரு வருடம் பிட்ச்சின் புல்லை மழித்தார்கள்.
இடுப்பெலும்பைத் தேடி வந்த பந்து
முழங்காலில் படுக்கப் பழகியது.
எதிரிகள் நிதானமாய்க் கையுறை மாற்றிக்கொண்டார்கள்.
மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்தது.
பீர் மிஞ்சியது.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சம்.
மழை கொட்டிய வருடங்களில்
ஒருவரும் தொட்டி கட்டவில்லை.
வேகப்பந்து வீச்சாளர்கள் பலாக்காய் போல
மரத்தில் தானே காய்ப்பார்கள் என்று நானும் நம்பினேன்.
மாட்டுவதற்கு எண் இருந்தது; கேட்பதற்கு என்ன இருந்தது?

நேற்று, உணவு இடைவேளைக்கு முன்பே,
இன்னிங்ஸ் தோல்வி.
அறுநூற்றுப் பன்னிரண்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.
நிழல் தேடிப் பலகைக்குப் பின்னால் வந்தான்
ட்ரமெயின் ஆப்பிள்வைட், வயது இருபத்திரண்டு.
முப்பத்தெட்டு ஓவர் வீசிய கால்.
பூட்ஸைக் கழற்றினான், பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
காதில் ஃபோன்.
பாலைவன நகரம் ஒன்றில் ராத்திரி விளக்கில் ஆட்டம்,
ஒரு இரவுக்கு நான்கு ஓவர், ஆறு வாரம்.
தொகையை அவன் திருப்பிச் சொன்னபோது
என்னிடம் அத்தனை பூஜ்ஜியத் தகடு இருக்கிறதா என்று
கண் தானாக மூலைக்குப் போனது.

செயின்ட் லூசியில் அவன் அம்மா வீட்டுக் கூரை
புயலில் போனது எனக்குத் தெரியும்.
நீலத் தார்ப்பாயின் மேல் செங்கல் வைத்து
இரண்டு மழைக்காலம் கடத்தியிருக்கிறாள்.
அவனைத் துரோகி என்று செல்வின் கத்துவான்.
கத்தட்டும், அவன் வீடு ஒழுகவில்லை.

"ஐஸ் இருக்கா, மேடம்?"

ஐஸ் இல்லை.
சுவரோரம் வெயில் படாமல் கிடந்த ஒரு தகட்டைத் தூக்கி
அவன் பாதத்துக்கு அடியில் போட்டேன்.
எண் கீழே பார்க்கக் கிடந்தது.
"அப்பா, என்ன குளிர்ச்சி," என்று
கண்ணை மூடிக்கொண்டான்.

எங்கள் நான்கு.
நான் சொல்லவில்லை.
கால் வீக்கம் வடியும்வரை
ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன்.